ஒரு முடி குறையாம

நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். நடுவுல "அதெப்படிம்மா, மனுசன் தலையில குருவி கூடு கட்டும்?"னு கேக்கிறவுக இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம். அந்தக் கேள்விய எங்க காம்பவுண்டுல ஒருத்தர்கூட கேக்கல. நாங்க கேட்டதெல்லாம் சோலிக்கு ஆகுற கேள்விதான்: இனி குழாய்ல தண்ணி வந்தா யாரு சத்தம் போட்டு எழுப்புவா, கிரைண்டரை எப்பம் போடுறது, தலையில கூடு இருக்க மனுசன் எப்படிக் குளிப்பான்?

அம்பாசமுத்திரத்துல, ரயில்வே கேட்டுக்குத் தெக்க, எதிரும் புதிருமா ஏழு வீடு, நடுவுல முத்தம், முத்தத்துல ஒரு குழாய், ஒரு துவைகல்லு, ஒரு முருங்கை மரம், அதான் எங்க காம்பவுண்டு. மொத வீட்ல நான். பேரு சண்முகக்கனி, இட்லி மாவு அரைச்சு விக்கேன், வாய் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிட்டா அடுத்தவளுக்கு அந்தச் சிரமம் இல்ல. எதுத்த வீட்ல ஆவுடையப்பன், மினிபஸ் கண்டக்டர், என்னைய மதினின்னு கூப்பிடுவான். அவன் தொண்டை இருக்கே, ஆண்டவன் அஞ்சு பேருக்குப் பங்கு வச்சுக் குடுத்ததை ஒருத்தனே வாங்கிட்டு வந்த தொண்டை. பஸ்ஸு முக்கு திரும்புறதுக்கு முன்னாலயே "ஆத்துப்பாலம், சந்தைப்பேட்டை, ஆஸ்பத்திரி, ஏறு ஏறு ஏறு"ன்னு அவன் சத்தம் வந்து இறங்கிரும். வெள்ளன குழாய்ல தண்ணி வந்தா ஒரு குரல் குடுப்பான், ஏழு வீட்டுக் குடமும் எந்திரிச்சு ஓடி வரும்.

அவனுக்கும் அவன் பொண்டாட்டி உலகம்மாளுக்கும் ஒத்தைக்கு ஒரு மவ, இசக்கி. கோவில்பட்டியில கட்டிக் குடுத்திருந்தாவ. ரெண்டு தடவை உண்டாகி ரெண்டு தடவையும் தங்கல. மூணாவது தடவை முழுகாம இருக்கான்னு தாக்கல் வந்த அன்னைக்கு, உலகம்மா போட்ட சேலையோட ஓடிப்போய் அவுக குலசாமி கரையடிச் சாஸ்தா முன்னால நின்னா. மத்த பொம்பளைகன்னா "மொட்டை போடுதேன் சாமி"ன்னு சொல்லிட்டுத் திருநீறு வாங்கிட்டு வந்திருப்பாளுவ. இவ, "எம்மவளுக்கு இந்தப் பிள்ளை நல்லபடியாத் தங்கட்டும், வார பங்குனி உத்திரத்துக்கு எங்க வீட்டு மனுசன் தலைமுடிய ஒரு முடி குறையாம உமக்கு இறக்குதேன்"னு வாய விட்டுட்டு வந்துட்டா.

ஒரு முடி குறையாமன்னா என்ன அர்த்தம்? சீவினா நாலு முடி உதுரும், ஆகையினால சீப்பைப் புடுங்கிப் பரண்ல போட்டா. தலை துவட்டினா உதுரும், ஆகையினால துண்டு கிடையாது, வெயில்ல நின்னு காயணும். வெள்ளன அவன் எந்திரிச்சதும் தலகாணியில கிடக்கிற முடிய ஒண்ணொண்ணாப் பொறுக்கி, திரும்ப அவன் தலையிலயே சொருகி விடுவா. "ஏட்டி, உனக்கென்ன கோட்டியா?"ன்னு நான் கேட்டதுக்கு, "சாமிட்ட சொன்ன சொல்லு அக்கா"ன்னா. இப்படியே ஆடி போயி, ஐப்பசி போயி, தை போகவும், ஆவுடையப்பன் தலை ஒரு புதரா வளந்து நின்னுச்சு. அவன் பஸ்ஸுல ஏறும்போது தலை முதல்ல ஏறும், ஆளு பெறகு ஏறுவான்.

மாசி மாசம் ஒரு லீவு நாளு, புளிக்குழம்பும் அப்பளமும் தின்னுட்டு, முருங்கை மரத்தடியில பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்தபடியே தூங்கிட்டான். நான் சோறு வடிச்சுக்கிட்டே சன்னல் வழியாப் பாக்கேன், ஒரு கொண்டைக்குருவி, தலையில கருப்புக் கொண்டை, வாலுக்கு அடியில குங்குமம் வச்ச மாதிரி சேப்பு, அவன் தலையில வந்து உக்காருது, போகுது, வருது, வாயில ஒரு வேர், ஒரு நாரு, துடைப்பக் குச்சி, எங்க வீட்டுச் சாக்குல பிரிஞ்ச சணலு. சோடிக் குருவி கொடியில உக்காந்து மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பாக்குது. எங்க வீட்டுக்காரவுகளக் கூப்பிட்டுக் காட்டுனேன். "கட்டட்டும், நல்ல நிழலு"ன்னுட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டாவ. காப்பி போடுற நேரத்துக்குள்ள கூடு முடிஞ்சுபோச்சு. ஒரு கிண்ணம் கணக்கா, நல்ல வாகா, புதருக்கு நட்ட நடுவுல.

ஆவுடையப்பன் கண்ணைத் தொறந்து, "மதினி, தல கனக்கு"ன்னான்.

"தம்பி, அசையாத. குருவி குடி வந்திருக்கு."

"எந்தக் குருவி?"

"கொண்டைக்குருவி."

"சரி"ன்னான். வேற என்னத்தச் சொல்லுவான், குடி வந்தாச்சே.

உலகம்மா உள்ளேருந்து வந்தா. பாத்தா. மூஞ்சி செவந்துபோச்சு. "சாமிக்கு நேந்த தலைய்யா அது! சவத்துக் குருவிக்கு வேற எடமே கிடைக்கலியா?"ன்னு கையை ஓங்கிக்கிட்டே வந்தா. அந்த நேரம் பாத்து, வளைகாப்பு முடிஞ்சு பேறு பாக்க வந்திருந்த இசக்கி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியில வந்து நின்னா. உலகம்மா ஓங்கின கை அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. பிள்ளைத்தாச்சி இருக்க வீட்ல கூடு கலைக்கலாமா? எலிவளையக்கூட அடைக்க மாட்டோம். பாம்பைக் கண்டாலும் "நீ உன் வழியப் பாத்துப் போ"ன்னு வழி விட்டுருவோம். இசக்கி பேருக்குத்தான் அந்த முடிய நேந்தது, அதே இசக்கி பேருக்குத்தான் இந்தக் கூட்டை இப்பம் தொட முடியல. உலகம்மா கையை இறக்கினா, உள்ள போயிட்டா. அன்னையிலிருந்து புருசன் தலைய அவ ஏறிட்டுப் பாக்கல.

பெறகென்ன, காம்பவுண்டு பழகிக்கிட வேண்டியதுதானே. சத்தம் போட்டாக் குருவி பதறுதுன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. தண்ணி வந்ததும் ஆவுடையப்பன் வாயத் தொறந்தான், குருவி செவுத்துல போய் உக்காந்துக்கிட்டு எங்க எல்லாரையும் திட்டுச்சு. அன்னையோட அவன் தொண்டை மூடிப்போச்சு. தண்ணி வந்தா இப்பம் வீடு வீடாப் போய்க் கதவை ஒத்தை விரலால தட்டுவான். நாங்களும் குடத்தைக் குழாயடியில நங்குன்னு வைக்காம, தூங்குற பிள்ளையக் கிடத்துற மாதிரி வைக்கப் பழகுனோம். மூணாவது வீட்ல டிவி சத்தத்தைக் குறைச்சாவ. அஞ்சாவது வீட்ல மாமியாளும் மருமவளும் எப்பவும் போலத்தான் சண்டை போட்டாவ, ஆனா குசுகுசுன்னு. அதுல ஒரு சங்கடம், என்ன சொல்லிச் சண்டை போடுதாவன்னு மத்தவுகளுக்குக் கேக்கல, நாங்க ரொம்பத் தவிச்சுப்போயிட்டோம். என் கிரைண்டர்தான் பெரிய வம்பு. "அக்கா, அதை மட்டும்"னு ஏழு வீட்டு ஆளும் கையெடுத்துக் கும்பிடவும், அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கிட்டு அடுத்த தெரு மில்லுக்கு நடந்தேன். போக வர வைதுக்கிட்டேதான் நடந்தேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனா கேளுங்க, கிரைண்டர் நின்னதும் எனக்குக் காது புதுசா முளைச்ச மாதிரி இருந்துச்சு. துவைகல்லுக்கு அடியில ஒரு தேரை குடியிருக்கு. எத்தன வருசமா இருக்கோ, நான் ஊத்தின சோப்புத் தண்ணி அம்புட்டும் அது தலையிலதான் விழுந்திருக்கு, ஒரு நாள்கூட வந்து கேட்டதில்ல. சாயங்காலம் ஆனா தவிட்டுக்குருவி ஒரு கூட்டம் வரும், குழாயடியில நாங்க நிக்கிற மாதிரியே நின்னு, நாங்க பேசுற மாதிரியே ஒண்ண ஒண்ணு குத்தம் சொல்லும். அணிலு முருங்கைப் பூவத் தின்னுட்டுக் காம்பைக் கீழ போடும், அது விழுற சத்தம் கேக்கும். எங்க சன்னல் மூலையில குளவி ஒண்ணு மண்ணு உருட்டிக் கொண்டாந்து கூடு வச்சது, வேலை செய்யும்போது அதுவா ஒரு பாட்டு முனங்குது. அந்தக் குளவிக் கூட்டைக் காட்டித்தான் உலகம்மாளைத் தேத்தப் பாத்தேன். "குளவி கூடு வச்சா வீட்டுக்குப் பிள்ளை வரும்பாவ. எனக்கு இந்த வயசுல வராது, உன் வீட்டுக்குத்தான் வழி தப்பி வந்திருக்கு"ன்னேன். அவ சிரிக்கல.

கூட்டுக்காவப் போட்ட லீவு முடிஞ்சு, ரெண்டாவது வாரம் ஆவுடையப்பன் வேலைக்குப் போனான். டிரைவர் சொரிமுத்து இருக்கானே, அவன் பிரேக் போட்டா முன் சீட்டுக்காரவுக பல்லு எண்ணிக்கிடணும். அந்தச் சொரிமுத்து வண்டிய நெய்க்கிண்ணம் கொண்டுபோற மாதிரி ஓட்ட ஆரம்பிச்சான். ஆவுடையப்பன் வாசப்படியில நிமிந்து நிப்பான், விரலால எத்தனை டிக்கெட்டுன்னு கேப்பான், தலையில குருவி அடைகாத்துக்கிட்டு ஊர் பாக்கும். அதுக்குப் பசிச்சா ஏதாவது ஸ்டாப்புல இறங்கி, பக்கத்துல நிக்கிற அத்தி மரத்துக்குப் பறந்து போயிரும். அது வராம வண்டிய எடுக்க முடியுமா? முட்டை ஆறிப்போகுமே. பஸ்ஸு முழுக்க அந்த மரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். "குருவி ஏறிட்டா?"ன்னு சொரிமுத்து கேப்பான். "இன்னும் இல்ல"ன்னு பின்னாடிச் சீட்லருந்து பதில் வரும். குருவி வந்து உக்காந்ததும் யாராச்சும் ஒரு அம்மா மெதுவா, "ஏறியாச்சு, ரைட்"டும்பா. கோர்ட்டுக்குப் போறவன், ஆஸ்பத்திரிக்குப் போறவ, பரிட்சைக்குப் போறவ, அத்தன பேரும் காத்திருந்தாவ. "லேட் ஆகுது"ன்னு ஒருத்தன் மட்டும் சொன்னான். பக்கத்துல இருந்த கிழவர், "உன் அம்மா லேட் ஆகுதுன்னு உன்னைய வயித்துலருந்து சீக்கிரமா இறக்கி விட்டாளா?"ன்னு கேட்டுட்டார். பெறகு அவனும் மரத்தைத்தான் பாத்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஆவுடையப்பன் என் வாசல்ல வந்து நின்னு, கழுத்தைத் திருப்பாம, ஒடம்போட திரும்பி, "மதினி, ஆத்துப்பாலத்துல ஒயர்ல ஒரு மீன்கொத்தி இருக்கு"ன்னான்.

"இருக்கட்டுமே."

"இல்ல மதினி, நீலம்னா அப்படி ஒரு நீலம். டிரைவருக்கும் தெரியுது, அவன் எத்தனையோ வருசமாப் பாத்துட்டுத்தான் இருக்கானாம். நான்தான் ஆத்துப்பாலம் ஆத்துப்பாலம்னு கத்திக்கிட்டே போயிருக்கேன், பாலத்தைப் பாத்ததே இல்ல."

சொல்லும்போது அவன் கண்ணு கலங்கிட்டு. குனிஞ்சு துடைக்க முடியாதே, அப்படியே வடியவிட்டான்.

முட்டை மூணு. இளஞ்செவப்பு, மேல செம்மண்ணு தெளிச்ச மாதிரி புள்ளி. அதை அவன் பாக்கணும்னு ஆசைப்பட்டான். இசக்கி ஒரு கண்ணாடிய மேல பிடிச்சு, ஒரு கண்ணாடிய அவன் கையில குடுத்துக் காட்டினா. அப்பனும் மவளும் சேரைப் பக்கத்துல பக்கத்துல போட்டுக்கிட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பாவ. இவளுக்கும் சட்டுன்னு எந்திரிக்க முடியாது, அவனுக்கும் முடியாது. இவளும் மல்லாந்து படுக்க முடியாது, அவனும் முடியாது. "எப்பா, உங்களுக்கும் இப்பம் மாசம்தான்"னு ஒரு நாள் அவ சிரிச்சா. அந்தப் பேச்சு எங்க காதுல விழுந்தது, விடுவோமா? அடுத்த வெள்ளிக்கெழமை ஆவுடையப்பனுக்கு வளைகாப்பு வச்சுட்டோம். புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். கன்னத்துல சந்தனம் பூசினோம், கண்ணாடி வளையல் அவன் கைக்குள்ள போகல, கயித்துல கோத்துக் கழுத்துல போட்டோம், சலசலக்காம இருக்க நடுவுல பஞ்சு வச்சு. குலவை மட்டும் போடல, உதட்டை மடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள போட்டோம். அவன் வெக்கப்பட்டுக்கிட்டு, ஆனா ரெண்டு தடவை சர்க்கரைப் பொங்கல் கேட்டு வாங்கித் தின்னான்.

உலகம்மா மட்டும் வரல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தா. சோத்தைக் கொண்டுபோய்க் குடுத்தேன், வாங்கி ஓரமா வச்சா.

"எல்லாருக்கும் வேடிக்கையா இருக்கு"ன்னா. "அக்கா, ரெண்டு தடவையும் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில என் கையில துணியச் சுருட்டிக் குடுத்தாவ. ஒண்ணுமே கனமில்ல. அந்தக் கனமில்லாததைத் தூக்கிக்கிட்டு வந்தவ நான். இந்தத் தடவை சாமிட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கேன். உத்திரத்துக்குள்ள குருவி போகலன்னா, எஞ்சொல்லு பொய்யாப் போகும். பொய் சொன்னவளுக்குச் சாமி என்னத்தக் குடுக்கும்?"

அவ பக்கத்துல உக்காந்து அந்தத் தேங்காய்ச் சோத்தைப் பெசஞ்சு ரெண்டு வாய் ஊட்டி விட்டேன்.

உத்திரத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி முட்டை பொரிச்சுது. குஞ்சுன்னா, முடி இல்ல, கண்ணு தொறக்கல, வெறும் வாயிதான். மூணு செவந்த வாயி. தாயும் அப்பனும் புழுவும் பழமுமாக் கொண்டாந்து போட்டுக்கிட்டே இருந்துச்சுக, ஆவுடையப்பன் நெத்தி வழியா அத்திப்பழச் சாறு வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இதுக உத்திரத்துக்குள்ள எங்க பறக்கப்போகுது! உலகம்மாளைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும், ஒத்துக்கிடல.

எங்க பக்கம் பங்குனி உத்திரம்னா எந்த மூலையில இருந்தாலும் அவுகவுக சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆகணும். அந்த வருசம் எங்க வீட்டுக்காரவுக, "நம்ம சாஸ்தா கோவிச்சுக்கிட மாட்டாரு, சாயங்காலம் போய்க்கிடலாம்"னு சொல்லவும், ஏழு வீடும் மினிபஸ்ஸுல ஏறிக் கரையடிச் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். வெயில்னா வெயிலு, கல்லு பொரியுது. அங்கன பொங்கல் பானை, ஆட்டுக்கடா, வில்லுப்பாட்டு, ஐஸ்காரன் மணி, எள்ளு போட எடமில்ல. நாங்க ஆவுடையப்பனை நடுவுல விட்டுச் சுத்திக் கை கோத்துக்கிட்டு நடந்தோம். ஆளுக வழி விட்டாவ. சாமிக்குக் கொண்டுவந்த நேர்ச்சைன்னு நெனைச்சு ரெண்டு பேரு அவனைக் கும்பிடக்கூடச் செஞ்சாவ.

வாய்க்கால் கரையில பந்தல் போட்டு முடி இறக்குற எடம். அங்க பேச்சிமுத்துன்னு ஒரு பெரியவர். ஆவுடையப்பன் பலகையில உக்காந்தான். அவர் கையில தண்ணியத் தொட்டுக்கிட்டுத் தலைக்கு மேல கொண்டுபோனார், தாய்க்குருவிதான் வந்துட்டுன்னு மூணு குஞ்சும் தலையத் தூக்கி வாயத் தொறந்துச்சு. பேச்சிமுத்து கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டார்.

"ஏ யப்பா, என்னால ஆகாது. எம்மவளும் முழுகாம இருக்கா."

"சுத்தி மட்டும் இறக்கிட்டுக் கூடு இருக்க எடத்தை விட்டுருங்களேன்"னு நான் சொன்னேன்.

"ஒரு முடி குறையாமன்னு நேந்திருக்கேன்"னா உலகம்மா. "எடுங்க அண்ணாச்சி."

பேச்சிமுத்து கத்தியத் திருப்பிப் பிடிச்சு அவ கையில குடுத்தார். "நேந்தது நீ. எடுக்கிறதுன்னா நீயே எடும்மா."

வாங்கிட்டா. இசக்கி வேப்பமரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கிட்டான், "உலகு, நீ எது செஞ்சாலும் சரி"ன்னு மட்டும் சொன்னான், அதுவும் காத்து மாதிரி. உலகம்மா கிட்டப் போனா. அம்புட்டு நாளும் ஏறிட்டுப் பாக்காத தலைய அன்னைக்குத்தான் குனிஞ்சு பாத்தா. பந்தல் ஓலையில ஒரு பொத்தல், அது வழியா வெயில் நேரா கூட்டுக்குள்ள விழுது. தாய்க்குருவி பறந்து வந்துச்சு. இரை ஒண்ணும் கொண்டாரல. குஞ்சு மேல ரெண்டு றெக்கையும் விரிச்சு வெயில மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. வாயத் தொறந்துக்கிட்டு அதுக்கு மூச்சு வாங்குது. கத்தி ஒரு சாண் தூரத்துல இருக்கு, மேளம் அடிக்கான், வெடி போடுதான், அது அசையல. உலகம்மாளையே பாக்குது.

உலகம்மா எம்புட்டு நேரம் அப்படி நின்னாளோ தெரியல. கத்தியக் கீழ வச்சா. முந்தானைய இழுத்து, புருசன் தலைக்கு மேல பந்தல் மாதிரி பிடிச்சா. உடுத்தின சேலையாச்சே, அவுத்து இன்னொருத்தி கையில குடுக்க முடியாதுல்லா, அதனால அவ முன்னால நடக்க, அவன் பின்னாலயே வர, புருசனைச் சேலைக்குள்ள வச்சுக்கிட்டு நேரா சன்னிதிக்குப் போனா. பூசாரி என்னமோ சொல்ல வந்தார், அவ மூஞ்சியப் பாத்துட்டு ஒதுங்கிக்கிட்டார்.

"இங்க பாரும்"னா சாஸ்தாட்ட. சாமிட்ட இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. "சொன்ன சொல்லு சொன்னதுதான், முடி உமக்குத்தான். ஆனா இன்னைக்கு இல்ல. இங்க ஒருத்தி பிள்ளைகள வச்சுக்கிட்டுக் குடியிருக்கா, அவ இறங்கின மறுநா கொண்டாந்து தாரேன். இது ஒமக்குப் புரியலன்னா ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்டாட்டி நிக்காவல்லா, அவுகட்டக் கேளும், அவுக சொல்லுவாவ. இதுக்காவ எம்மவளுக்கு ஏதாச்சும் செஞ்சீரு..." முந்தானைய விடாமலே தலையக் குனிஞ்சா. "செய்யாதீரும் ஐயா. ஒம்மக் கும்பிட்டுக் கேக்கேன். இந்தக் குருவிய அனுப்பினதும் நீருதானே"ன்னா.

பூசாரி திருநீற எடுத்து அவ நெத்தியில பூசிவிட்டார்.

அன்னையிலிருந்து உலகம்மாதான் காவல். பூனை வந்தா வெளக்குமாறு, காக்கா வந்தா கல்லு. புருசன் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, "அந்தக் கடைசிக் குஞ்சுக்கு இரை பத்தல, ஓரமா இருக்குல்லா, அதான்"னு குருவிக்கே புத்தி சொல்லுவா. குஞ்சுகளுக்கு றெக்கை முளைச்சுது, கொண்டை முளைச்சுது. ஒரு நாள் காலையில, ஒண்ணு அவன் காது மேல வந்து நின்னு, முருங்கைக் கொப்புக்குத் தாவிட்டு. இன்னொண்ணு துவைகல்லுல போய் விழுந்து எந்திரிச்சுப் பறந்துச்சு. ஓரத்துக் குஞ்சு மட்டும் அவன் தோள்ல இறங்கி உக்காந்துக்கிட்டுப் போகவே மாட்டேங்குது. ஏழு வீடும் சுத்தி நிக்கோம். உலகம்மா மெதுவா, "போ தாயி, போ"ன்னா. போயிட்டு.

மறுநா வெள்ளன அவளே அவனைக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா, நானும் கூடப் போனேன். பேச்சிமுத்து கூட்டோட சேத்து மொத்தமா இறக்கி வாழை எலையில வச்சார். கூட்டைப் பிரிச்சுப் பாத்தா, உள்ள மெத்தை மாதிரி முடி. உலகம்மா முடி, இசக்கியோட நீள முடி, அஞ்சாவது வீட்டு மாமியா முடியும் மருமவ முடியும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு. நடுவுல பளிச்சின்னு ஒரு நரைமுடி, என்னுதுதான். மை போட்டு மறைச்சு வச்சிருக்கேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தது, சாமிக்கும் பேச்சிமுத்துக்கும் தெரிஞ்சுபோச்சு. "ஒரு முடி குறையாமன்னீங்க, வட்டியும் முதலுமாவுல்ல வந்திருக்கு"ன்னார் பேச்சிமுத்து. உலகம்மா அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா. சிரிச்சாளே ஒழிய, வீட்டுக்கு வர வழியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உத்திரம் தவறிப்போச்சே அக்கா, சாமி கணக்குல எப்படி எழுதிருக்குமோ"ன்னா. அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு. சொல்லல.

சித்திரை பொறந்து கொஞ்ச நாள்ல, காலைப் பலகாரம் முடிஞ்ச நேரம், இசக்கிக்கு வலி எடுத்துச்சு. மினிபஸ்ஸுலதான் கொண்டுபோனோம், சொரிமுத்து நிறுத்தாம ஓட்டினான். பெரியாஸ்பத்திரியில உலகம்மாளையும் ஆவுடையப்பனையும் மட்டும் மேல விட்டாவ. ஏழு வீட்டு ஆளும் கீழ வேப்பமரத்தடியில நின்னோம், உக்காரத் தோணல. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியப் பாக்கல. ரெண்டு தடவை நடந்தது மூணாவது தடவையும் நடந்துட்டா அவளை யாரு தூக்கி நிறுத்தப் போறான்னு மட்டும் எனக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மேல மாடி வராண்டாவையே பாத்துக்கிட்டிருக்கேன். நல்லதுன்னா அவன் அங்க வந்து நின்னு ஒரு சத்தம் குடுப்பான், அவன் தொண்டைக்கு அது என்ன தூரம்? இப்பம்தான் தலையில ஒண்ணும் இல்லியே. மொட்டைத் தலை, வெயில்ல மின்னுத மொட்டைத் தலை, வராண்டாவுல வந்துச்சு. எங்களப் பாத்துச்சு. சத்தம் வரல.

படியிறங்கி வந்தான். நடையில ஒண்ணும் தெரியல, மூஞ்சியிலயும் ஒண்ணும் தெரியல. நேரா சொரிமுத்துட்டப் போயி அவன் காதுல வாய வச்சு என்னமோ சொன்னான். சொரிமுத்து முழிச்சுக்கிட்டு நின்னான். அடுத்து மூணாவது வீட்டுக்காரர் காதுல. அடுத்து எங்க வீட்டுக்காரவுக காதுல. அவுக கண்ணைத் துடைச்சுக்கிட்டாவ. அந்த மாமியா காதுல, மருமவ காதுல, ஒவ்வொருத்தர்ட்டயா, அவசரமே இல்லாம. கேட்டவுக எல்லாம் கேட்டதை வச்சுக்கிட்டு அப்படியே நிக்காவ. கேக்காதவுக செத்துக்கிட்டு நிக்கோம். கடைசியா எங்கிட்ட வந்தான். மூச்சுக் காத்து காதுல படுது.

"மதினி, பொம்பளப்பிள்ள. நல்லாருக்கு. உலகு கையில குடுத்தாவ. 'ஏங்க, கனக்கு, நல்லாக் கனக்கு'ன்னு அழுதா."

குருவி இறங்கியும் அவனுக்கு மெதுவாப் பேசுற பழக்கம் இறங்கல, அம்புட்டுத்தான். நான் கத்திட்டேன். குலவை போட்டேனா, ஓலமிட்டேனா, எனக்கே தெரியாது, தொண்டை கிழிஞ்சுபோச்சு. வேப்பமரத்துல இருந்த அம்புட்டுக் காக்காயும் பறந்துச்சு, நர்சம்மா மேலருந்து எட்டிப் பாத்து விரலை உதட்டுல வச்சு "உஷ்"ன்னா.

"நீ போம்மா"ன்னுட்டு இன்னொரு தடவை கத்தினேன்.